என் மகன் காதில் ரத்தம் நின்ற நாள்

பிள்ளைகளே, என் மகன் கதிருக்கு மூன்று வயதில் காது குத்தினோம். குத்தின இடத்தில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அப்போது மாரியம்மன் எங்களுக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் கடல் தொழில் செய்கிறவர்கள். 2007, வைகாசி மாதம். எங்கள் ஊர் அம்மன் கோவிலில், வழக்கப்படி தாய்மாமன் மடியில் கதிரை உட்கார வைத்தோம். மாமன் என்றால் என் மனைவி செல்வியின் அண்ணன் முருகையன். ஆசாரி ஊசியை எடுத்ததும் முருகையனுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"என்னா முருகையா, காது குத்து ஒனக்கா மருமவனுக்கா?" என்று படகுக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"சும்மா கெடங்கடா" என்றார். சிரிக்கவில்லை.

சாயங்காலமே ரத்தம் கசிய ஆரம்பித்தது. மஞ்சள் வைத்துப் பார்த்தோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் போட்ட இடத்திலும் கசிந்தது. "பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள். நாங்கள் மூவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனில் போனோம். செல்வியின் முந்தானை நனைந்துவிட்டது. கதிர் அழுவதையும் நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. பரம்பரையாக வரும் ரத்த நோய்களை ஆராய்ச்சி செய்கிறவர். ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தையே வரைந்தார்.

"உங்க அம்மா வீட்டு ஆம்பளப் பிள்ளைங்க யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம இருந்திருக்காம்மா?"

"எனக்கு இன்னொரு அண்ணன் இருந்துச்சு டாக்டர். நான் கைப்புள்ளயா இருக்கையில காய்ச்சல்ல போயிருச்சு" என்றாள் செல்வி.

"காய்ச்சல்தாங்க" என்றார் முருகையனும்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ரத்தம் உறையிறதுக்கான சத்து இல்லாத நோயோன்னு நெனைக்கிறேன். சோதனை முடிவு வர ரெண்டு நாளாகும். அந்தச் சத்த ஏத்துற மருந்து இருக்கு. வேற நோயா இருந்தா அது கேக்காது. கையிருப்பும் கொஞ்சந்தான். பரம்பரையில இருக்குன்னு தெரிஞ்சா இப்பவே போடுவேன்."

ரெண்டு நாள் என் பிள்ளை தாங்குவானா? வெளியே வந்து சுவரோரம் நின்றேன். அதுவரை பால்குடம் எடுக்கிறேன், தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். அப்போது ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. "தாயே, எனக்கு வழி தெரியல. நீதான் தொறக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற முருகையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, காய்ச்சல் இல்ல. தம்பிக்குப் பல்லு வுழுந்துச்சு. அந்த ரத்தம் நிக்காமதான் போனான். காது குத்துற வேண்டுதலத் தள்ளிப்போட்டதால சாமி குத்தம்னு வீட்ல சொன்னாங்க. அதான் கதிருக்கு சீக்கிரம் குத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

"இத ஏன் மச்சான் உள்ள சொல்லல?"

"சின்ன தங்கச்சிக்குப் பரிசம் போட்டிருக்கமே. தெரிஞ்சா மாப்ள வீட்ல சம்பந்தத்த வுட்டுருவாங்க."

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

முருகையன் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. தாளில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினார். "போதும்" என்று எழுந்தார். மருந்து ஏறியது. காதில் வைத்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பஞ்சு சிவந்தது. அடுத்தது இளஞ்சிவப்பு. அதற்கடுத்தது வெள்ளையாகவே இருந்தது. "அப்பா, இட்லி" என்றான் கதிர். செல்வி அப்போதுதான் அழுதாள்.

சோதனை முடிவும் அதையே சொன்னது. இது தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது, யார் பாவமும் இல்லை, சாமி கோபமும் இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். முருகையன் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஊர் திரும்பியதும் திருமலைராயன்பட்டினம் போய், மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அந்தச் சம்பந்தம் முறிந்தது. மறு வருடம், விஷயம் தெரிந்தே கோவில்பத்திலிருந்து வந்து பெண் எடுத்தார்கள்.

கதிருக்கு இந்த நோய் தீராது. அடிபட்டால் மருந்துக்கு ஓடத்தான் வேண்டும். ஆனாலும் இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிறான். இந்த நோய் உள்ள குடும்பங்களைத் தேடி டாக்டரம்மா எங்கள் கரைக்கு வரும்போதெல்லாம் நான் கூடப் போகிறேன். "காய்ச்சல்ல போயிட்டான்" என்று யாராவது சொன்னால், எங்கள் கதையை முதலில் சொல்கிறேன்.

பிள்ளைகளே, கஷ்டம் வந்தால் அம்மனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, தெரிந்த உண்மையை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பயந்துபோன ஒரு மனிதரின் வாயைத் திறந்துதான் அவள் என் பிள்ளையைக் காப்பாற்றினாள். அவளுக்கு நன்றி சொல்லி முடியவில்லை எனக்கு.