வண்டிக்கு வலி இல்லை

வலி என்றால் மலையாளத்தில் இழுப்பு. மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறினால், "வண்டிக்கு வலி இல்லா" என்பார்கள். நான் மட்டாஞ்சேரியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவன். என் வாயிலும் அப்படித்தான் வரும். என் மனைவி ராஜபாளையத்துக்காரி. கல்யாணமான புதிதில் ஒருநாள் பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிவிட்டு, "இதுக்கு வலியே இல்லை" என்றேன். "இவ்வளவு உதை வாங்கியும் வலிக்கலையா, நல்ல ஸ்கூட்டர்தான்" என்றாள். இருபத்திரண்டு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. திங்கள், புதன், வெள்ளி காலையில் கலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆட்டோவில் போனால் குலுக்கலில் வாந்தி எடுப்பாள் என்பதற்காகவே அந்தப் பழைய காரை வாங்கினேன். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு சூடேறினால் நடுவழியில் அணைந்துபோக ஆரம்பித்தது. கால்மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாலோ சமர்த்தாக ஓடிக் காட்டும். என்னைப் பொய்யனாக்குவதில் அதற்கு அப்படி ஒரு குஷி.

தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சேட்டன் பிளக்குகளை மாற்றினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார், அதில் ஒரு பிழையும் காட்டவில்லை. கடைசியில் கிராங்க் சென்சார் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. இன்ஜின் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சாமான் அது. கியர்பாக்ஸை ஒட்டி ஒரே ஒரு போல்ட்டில், கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். அது வாயை மூடிக்கொண்டால் இன்ஜின் நின்றுவிட்டதாக எண்ணி, கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்.

"ஓடிக்கும்போ வலி குறையுந்நுண்டோன்னு நோக்கணம்," என்றார். "நிந்நுபோயால் உடனே சென்சாரில் கொறச்சு வெள்ளம் ஒழிச்சு நோக்கு. ஸ்டார்ட் ஆயால் பிரச்னம் அதுதன்னெ." ஓடும்போது இழுப்பு குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். நின்றால் சென்சார் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்; உடனே ஸ்டார்ட் ஆனால் சீக்கு அதுதான். இவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முகம் வீங்கியிருந்தது. "இன்னைக்கு ஆட்டோ பிடிங்களேன். என்னமோ மாதிரி இருக்கு," என்றாள்.

"ஆட்டோவுல குலுங்கி வாந்தி எடுக்கவா? இன்னிக்கு இந்த வண்டியோட சீக்கைக் கண்டுபிடிச்சே ஆகணும்," என்றேன்.

உண்மையைச் சொன்னால் வாந்தி ஒரு சாக்கு. இரண்டு மாதமாக என்னை ஏய்த்துக்கொண்டிருந்த அந்தக் கட்டைவிரல் சாமானைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வெறிதான் எனக்கு.

அவள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள். மடியில் அரை லிட்டர் பாட்டில். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அவளுக்குத் தண்ணீர். மதியத்துக்கு எவ்வளவு, ராத்திரிக்கு எவ்வளவு என்று பாட்டில் மேல் பேனாவால் கோடு போட்டு, நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வாள்.

வெண்டுருத்திப் பாலத்தில் ஏறும்போது வண்டி ஓர் உதறு உதறியது. என் காது முழுக்க இன்ஜினில் இருந்தது. "வலி குறையுதா?" என்று வாய்விட்டே கேட்டேன். அவளிடம் இல்லை, எனக்கு நானே.

"இல்லைங்க," என்றாள் பின்னாலிருந்து. "கூடிக்கிட்டேதான் போகுது."

இரண்டு மாதமாக ஒர்க்‌ஷாப் பேச்சைக் கேட்டு இவளுக்கும் எங்கள் பாஷை வந்துவிட்டது என்று நினைத்தேன். இழுப்பு கூடுகிறது என்கிறாள்.

"நல்லது," என்றேன். "கூடட்டும்."



பாலத்தின் உச்சியில், இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. வண்டி உருண்டுபோய் ஓரமாக நின்றது. பானெட்டைத் திறந்த பிறகுதான் தண்ணீர் எடுத்துவரவில்லை என்பது உறைத்தது. பின்கதவைத் திறந்து அவள் பாட்டிலைக் கேட்டேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் நீட்டினாள். விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. பாட்டிலின் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். கோடு போட்ட அந்தத் தண்ணீர் முழுவதையும் சென்சார் மேல் ஊற்றினேன். ஆவி கிளம்பியது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"மாட்டிக்கிட்டான்," என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அவள் இடது கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. "கூடுதுன்னு சொன்னேனே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே டாக்டர் கேட்டார், "வேதன எப்போழா தொடங்ஙியது?" உடம்பு வலிக்கு மலையாளத்தில் தனிச் சொல் இருக்கிறது. "பாலத்தில்," என்றேன். அது பொய்யாகவும் இருக்கலாம். காலையில் வீட்டு வாசலிலேயே தொடங்கியிருக்கலாம். மதியத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். டாக்டர் என் தோளைத் தொட்டார்.

நெஞ்சு வலிக்கும்போது அவளுக்கு அந்தச் சொல்லில் ஓர் அர்த்தம்தான். சேட்டனுக்கு வேறு ஒன்று. இரண்டையும் யோசித்திருக்க வேண்டியவன் அந்த வண்டியில் நான் ஒருவன்தான். என்னால் இதைத்தான் தாங்க முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து இருபது நாள் கழித்து வண்டியைச் சேட்டனிடம் எடுத்துக்கொண்டு போனேன். இனி யாரைக் கூட்டிக்கொண்டு போக என்று தெரியவில்லை. ஆனாலும் சீக்கு தெரிந்த பிறகு அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. மனுஷிக்குச் செய்யாததை இரும்புக்குச் செய்யப் போகிறாயா என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். புதியதை மாட்டச் சேட்டனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பழையதைச் சாயாக்கடையிலிருந்து வாங்கிவந்த சுடுநீரில் போட்டு மீட்டரை வைத்துக் காட்டினார். சூட்டில் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. ஆறியதும் எண்கள் திரும்பி வந்தன.

பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பாலம் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் போனது அவருக்குத் தெரியும். காரியத்துக்கும் வந்திருந்தார். ஆனால் அப்போது அவர் காது இன்ஜினில் இருந்தது, அன்றைக்கு என் காது இருந்ததைப்போல. வண்டி உதறாமல் ஏறியது. முள் அசையாமல் நின்றது. உச்சிக்கு வந்ததும், நான் அன்றைக்கு நிறுத்திய ஓரம் வந்தது.

"இப்போள் வலி எங்ஙனெ உண்டு?" என்று கேட்டார்.

"உண்டு சேட்டா," என்றேன். "கூடுதல்தான்."

"நல்லது," என்றார்.