நடுவில் விட்ட கட்டம்

பழைய துணி வாங்கும்போது தேவகி கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"இருக்கறவங்களுதா, போனவங்களுதா?"

கோட்டைக்குப்பத்தில் தொடங்கி ஏரியைச் சுற்றிக்கொண்டு சுண்ணாம்புக்குளம் வரைக்கும் அவள் போகிற ஊர்களில் இந்தக் கேள்விக்கு இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. பழம்புடவைகளை நான்கைந்து அடுக்காக விரித்து, மேலே சட்டைத்துணி, பாவாடைத்துணி, லுங்கித்துணி என்று கட்டம் கட்டமாக ஒட்டுவைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நெருக்கமாகத் தைத்துக்கொண்டே வருவாள். அவள் தைத்த போர்வை மார்கழி வாடைக்குத் தாங்கும். ஆந்திர எல்லைப்பக்கம் அதைப் பொந்த என்பார்கள். கோட்டைக்குப்பத்தில் வெறுமனே 'தேவகி போர்வை' என்றாலே போதும்.

உயிரோடு இருப்பவரின் துணியைக் கத்திரிக்கோலால் வெட்டுவாள். இறந்தவர் துணியில் கத்திரிக்கோல் படவிடமாட்டாள். ஓரத்தைப் பல்லால் கடித்துவிட்டுக் கையாலேயே கிழிப்பாள். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்க்கவும் மாட்டாள். சுண்ணாம்புக்குளத்தில் அவளுடைய அம்மா வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். பழவேற்காட்டு அபூபக்கர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

"கத்திரிக்கோல் ஆகாது, ஊசி மட்டும் ஆவுமா? ஊசி இன்னா மரத்துலயா செஞ்சிருக்கு?"

"ஊசி சேக்கும் பாய். அறுக்காது."

"நல்லா வாய் இருக்குது உனக்கு."

அபூபக்கருக்கு அறுபது வயது. குட்டியானை வண்டியில் பிளாஸ்டிக் குடம், வாளி, நாற்காலி ஏற்றிக்கொண்டு ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராக விற்கிறவர். மாதத்தில் ஒருநாள் தேவகியும் அந்த வண்டியில் ஏறிக்கொள்வாள். தைத்த போர்வைகளைக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் துணி வாங்கி வருவாள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து கிழக்கே திரும்பி மறுபடியும் ஏரிக்கரை. படகில் போனால் நேரே எதிர்க்கரை. சாலையில் போனால் அரை நாள்.

ஐந்து வருடத்துக்கு மேலாக இப்படிப் போகிறாள். துணிக்காகத்தான் போகிறாள் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். பாய்க்குத் தெரியும். சாலையோரத்தில் முதுகு காட்டி நடந்துபோகும் ஆண் யாரையாவது பார்த்தால் அவள் சொல்லாமலேயே வண்டியை மெதுவாக்குவார். அவள் தலையை வெளியே நீட்டி முகத்தைப் பார்ப்பாள். பிறகு உள்ளே இழுத்துக்கொள்வாள். அவர் மறுபடியும் கியரை மாற்றுவார். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். தேவகியின் கணவன் கங்காதரன் இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். மூன்று நாள் தேடியும் கங்காதரனுடைய உடம்பு கிடைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றிப் பேச வந்தார்கள். அவள் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "எதை வெச்சி செய்வீங்க?" என்று கேட்டாள். திரும்பிப் போய்விட்டார்கள்.

மறுவருடம் மறுபடியும் வந்திருப்பார்கள். அதற்குள் பவுனம்மாள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். மூன்றாம் வீட்டுக்காரி, பொய் சொல்லுகிறவள் அல்ல. சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாளாம்.

"உன் வூட்டுக்காரர்தான் தேவகி. முதுகுதான் தெரிஞ்சிச்சி. அதே காப்பிக்கலர் கட்டம் போட்ட சட்டை. கைய தூக்கி யாரையோ கூப்டாரு. அக்குள்ல பச்சை நூலு தையல் பளிச்சினு தெரிஞ்சிச்சி. நான் கத்தறதுக்குள்ள பஸ்ஸு போய்டிச்சி."

அந்தப் பச்சை நூல் தேவகி போட்டது. காப்பிக்கலர் நூல் தீர்ந்துபோன நாளில் கிழிசலைப் போர்வைத் தையலாகவே போட்டு, முடிச்சை மூன்று சுற்று சுற்றி இழுத்திருந்தாள். "இன்னாடி, அக்குள்ல கிளி கூடு கட்டிக்கீது!" என்று கங்காதரன் ஒரு வாரம் கேலி செய்தான். கடைசி நாள் காலையிலும் அதே சட்டைதான். மேல் பொத்தான் அறுந்துவிட்டது, தைத்துக் கொடு என்று நீட்டினான். அவள் யாருக்கோ போர்வை முடித்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் வா, தைக்கிறேன் என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் வைஷ்ணவி தன் தாவணியிலிருந்து ஊக்கை எடுத்து, "குனி நைனா" என்று கழுத்தருகே குத்திவிட்டாள்.

பவுனம்மாள் சொன்ன அந்த முதுகுக்காகத்தான் தேவகி பாய் வண்டியில் ஏற ஆரம்பித்தாள். தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கலாம், இறால் பண்ணையில் வேலை செய்துகொண்டிருக்கலாம், யாரோடாவது இருந்தால்கூட இருக்கட்டும். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில், தைத்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஈரக்கால் தட்டுகிற சத்தம் கேட்கும். ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். வாசல் காய்ந்து கிடக்கும்.

இப்போது வைஷ்ணவிக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணோடு அனுப்புகிற போர்வையில் உயிரோடிருக்கும் உறவுக்காரர்களின் துணி மட்டும்தான் சேரும். பெரியம்மா புடவை, மாமன் வேட்டி என்று இருபத்துநான்கு கட்டங்களைத் தேவகி தைத்து முடித்துவிட்டாள். நடுக்கட்டம் அப்பாவுடையது. அது காலியாக இருந்தது. அவனுடைய வேறு சட்டைகள் பெட்டியில் மடித்தபடி இருந்தன. அவற்றை வெட்டவும் கை வரவில்லை, கிழிக்கவும் வரவில்லை.

அது வீட்டுக்குள் இருக்கிற விஷயம். கல்யாணப் பத்திரிகை அப்படியில்லை. பொன்னேரியில் அச்சகம் வைத்திருக்கும் சீனிவாசன் இன்று காலை அவர்கள் வண்டி போகும்போதே கைகாட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, எழுத்தெல்லாம் கோர்த்து ரெடி. பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி லேட்டுனு போடணுமா வேணாமா? மாப்ள வீட்ல ரெண்டு தபா போன் பண்ணிட்டாங்க. சாயங்காலம் சொல்லிடு. நாளைக்கு மிஷின் ஓடணும்."

"ரெண்டெழுத்துக்கா இவ்ளோ அவசரம்?" என்றார் பாய்.

"பாய், எனக்கு ரெண்டெழுத்து. அந்தம்மாவுக்கு?" என்று சீனிவாசன் தணிந்த குரலில் சொன்னார்.

தேவகி சாயங்காலம் சொல்வதாகச் சொன்னாள். அந்த இரண்டெழுத்தைப் போட்டால் மணவறையில் மகள் பக்கத்தில் அவள் நிற்க முடியாது. தள்ளித்தான் நிற்க வேண்டும். போடாவிட்டால், வருகிற ஒவ்வொருவரும் அப்பா எங்கே என்று வைஷ்ணவியைக் கேட்பார்கள். ஆனால் அவள் மனசில் ஓடியது இதெல்லாம் இல்லை. போட்டுவிட்டு, அப்புறம் அவன் வந்து நின்றால்?

சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டிய ஒரு சின்னக் குப்பத்தில் மத்தியானம் வண்டி நின்றது. அம்மணி என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும், முதல்முறையாகத் துணிமூட்டை கொண்டுவந்தாள். வேப்பமரத்தடியில் அவளுடைய கணவன் முத்துராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கறவங்களுதா, போனவங்களுதா?"

"எல்லாம் எங்க ரெண்டு பேரோடதுதாங்கா. இதோ, குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்காரே."

"கல்லுதான் உனக்கு சோறு போடுது" என்றான் முத்துராஜ் திரும்பாமல்.

தேவகி சிரித்துக்கொண்டே கத்திரிக்கோலை எடுத்தாள். சட்டைகளின் கழுத்துப்பட்டியை அங்கேயே வெட்டிப்போட்டுவிடுவது அவள் வழக்கம்; போர்வைக்கு அது ஆகாது. ஒரு நீலச்சட்டை. ஒரு வெள்ளை. மூன்றாவதாக வெளுத்துச் சாம்பலாகிப்போன ஒன்று. கழுத்தைச் சுற்றிக் கத்திரிக்கோல் முழுதாக ஓடி முடிந்தது. கையைப் பிரித்துப் போடுவதற்காக அக்குளுக்குள் விரலை விட்டாள். விரல்நுனியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. மூன்று சுற்று.

வெளியே எடுத்துப் பார்த்தாள். நூலின் பச்சை மட்டும் போகவில்லை.

கத்திரிக்கோல் மடியிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. முதலில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: வெட்டிவிட்டேன். அடுத்த நொடியே இன்னொன்று தோன்றியது. வெட்டியாகிவிட்டது என்றால், அவர் இருக்கிறார் என்றுதானே ஆகிறது? இப்படியே எழுந்து வண்டியில் ஏறிவிடலாம். ஒன்றும் கேட்காமல் போய்விடலாம்.

"இது ஏதும்மா உனக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

"அதா? அது வலையில வந்ததுங்கா. அஞ்சாறு வருஷம் இருக்கும். மழைக்காலத்துல வலையில வராத துணியா? தொவைச்சி காயப்போட்டா நல்லாத்தான் இருந்திச்சி. ரெண்டு வருஷம் இதையே போட்டுக்கினு திரிஞ்சாரு. அப்புறம் தொப்பை வந்திச்சி. பெட்டியில போட்டுட்டேன்."

தேவகி நிமிர்ந்து முத்துராஜின் முதுகைப் பார்த்தாள். கங்காதரனைப்போலவே இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பஸ் ஜன்னலிலிருந்து பவுனம்மாள் பார்த்த முதுகு. இத்தனை வருடமாக அவளை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு வந்த முதுகு. சட்டை தண்ணீர் வழியாக அப்போதே வந்து சேர்ந்துவிட்டிருந்தது; அவள்தான் சாலை வழியாக வந்துகொண்டிருந்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தண்ணீரில் விழுந்தவன் நீந்துவதற்குச் சட்டையைக் கழற்றிப் போடுவான். சட்டையை அம்மணியிடம் நீட்டினாள்.

"வலையில வந்தப்போ... பொத்தான்லாம் போட்டிருந்திச்சா?"

அம்மணிக்குப் புரியவில்லை. முத்துராஜ்தான் வலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். பெருவிரலை நீட்டிக் காட்டினான்; அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு.

"கீழ வரைக்கும் போட்டுதான் இருந்திச்சி. மேல் பொத்தான் இல்ல, அங்க ஊக்கு குத்தியிருந்திச்சி. துரு புடிச்ச ஊக்கு. இழுக்கறப்போ கிழிச்சிடிச்சி பாருங்க. எதுக்குக்கா கேக்கறீங்க?"

அப்படியானால் கங்காதரன் சட்டையைக் கழற்றவில்லை; அந்த ஊக்கு கழற்ற விடவில்லை. முத்துராஜ் சொன்னதைக் கேட்டபடியே வண்டியிலிருந்து இறங்கி வந்த பாய் சட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார். குடம், வாளி என்று அதுவரை ஓயாமல் கூவிக்கொண்டிருந்த குரல் நின்றதும் ஏரிக்காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. அம்மணி என்ன நினைத்தாளோ, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தேவகியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

திரும்பும் வழியில் ஏரி தெரிகிற ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. சட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள். டெரிகாட்டன், கிழியவில்லை. மறுபடியும் இழுத்தாள். பச்சைத் தையல் இருக்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டது.

"கத்திரிக்கோல் வேணாம்" என்றாள், பாய் கையை நீட்டுவதற்கு முன்பே.

"நான் அதைக் கேக்கலம்மா. அந்தப் பக்கத்தைக் குடு."

ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அவர் காலை ஊன்றிக்கொண்டார். ஒரே இழுப்பில் அந்தத் தையல் ஒவ்வொரு கண்ணாகத் தெறித்து, சட்டை நீளமாகக் கிழிந்தது. பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார். தன் கையில் இருந்த பாதியை மடித்து, அவள் பாதியின்மேல் வைத்தார்.

வண்டியில் ஏறி முதலில் சீனிவாசனுக்குப் போன் செய்தாள். "போட்டுடுங்க" என்றாள். பிறகு வைஷ்ணவிக்கு.

"நைனா சட்டை கெடச்சிதும்மா. வலையில வந்திருக்குது. பவுனம்மா பார்த்தது வேற ஆளு."

அந்தப்பக்கம் வேலை செய்கிற இடத்தின் இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு வைஷ்ணவியின் குரல் சின்னப்பிள்ளை குரலாக வந்தது.

"நான் குத்துன ஊக்கு இருந்திச்சாம்மா?"

பாயின் கை ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தது.

"இல்லடி" என்றாள் தேவகி. "உங்க நைனாவைத் தெரியாதா? படகு ஏறங்காட்டியும் கழட்டி எறிஞ்சிருப்பாரு. கழுத்தை இறுக்கிப் போட்டா அவருக்கு ஆவாதே."

"கல்யாணப் போர்வையில அந்தக் கட்டம்?"

"என் முகூர்த்தப்பொடவை இருக்குது. அதை வெட்டி வெக்கிறேன்."

போனை மடியில் வைத்தாள். கிழித்த துணி அதன்கீழ் இருந்தது. பாய் சாலையைப் பார்த்தபடியே, "அல்லா மன்னிப்பான்மா" என்றார்.

கும்மிடிப்பூண்டிக்கு முன் ஒரு வளைவில், சாயும் வெயிலில், ஓர் ஆள் தோளில் துண்டோடு முதுகு காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தான். வண்டி பழக்கத்தில் மெதுவாகியது. தேவகியின் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"போங்க பாய். நிக்க வேணாம்."

வண்டி அவனைத் தாண்டிப் போனது. அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தவர் பாய்தான்.