சார்ந்திருப்போர் என்னும் கட்டம்

இக்கட்டுரையில் நான் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க வரும் நம்மவரிடையே சம்பளப் பிடித்தம் பற்றி உலவும் செய்திகளில் பாதி, யாரோ யாரிடமோ கேட்டவை. மறுபாதி, வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குப் பொருந்தி நமக்குப் பொருந்தாதவை. அவற்றை நம்பி முதலிரண்டு ஆண்டுகள் நான் பட்ட எரிச்சல் போதும். ஆகவே என் சம்பளச் சீட்டில் அச்சாகியிருப்பது, அலுவலகத்திலும் நகராட்சி வரிப் பிரிவிலும் நானே நின்று கேட்டுக்கொண்டது, என் வீட்டார் தொலைபேசியில் என் காதுபடச் சொன்னது ஆகிய மூன்றனுள் அடங்காத எதற்கும் இங்கே இடமில்லை. தொகைகளையும் தரவில்லை. அவை ஆளுக்கு ஆள் மாறும். என் தொகையைக் கொண்டு உங்கள் தொகையைக் கணித்தால் தவறாகவே முடியும்.

சீட்டு வந்து சேரும் விதத்திலிருந்து தொடங்குகிறேன். அது மூன்று பக்கமும் பசையிட்டு ஒட்டிய ஒரு மடிப்புத் தாள். ஓரங்களில் துளையிட்ட கோடுகள் இருக்கும். அவற்றின் வழியே கிழித்தால்தான் திறக்கும். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் மொரிதா சான் என்னும் அம்மையார் ஒவ்வொருவரிடமும் வந்து, இரு கைகளாலும் நீட்டி, தலை தாழ்த்திக் கொடுப்பார். வாங்கியவர் தம் இருக்கைக்குச் சென்று, பிறர் பார்வை படாதவாறு கிழித்து, ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வார். எவரும் எவரையும் எவ்வளவு என்று கேட்பதில்லை. செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் நான் முதற்சம்பளம் வாங்கிய நாளில், பேருந்து நிலையத்தில் பூ விற்பவர் முதல் எங்கள் தெருமுனை வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பிடிச்சது போவ கைக்கு எவ்ளோ வருது?” அன்று அக்கேள்வி எனக்குக் கூச்சத்தைத் தந்தது. இங்கே அதைக் கேட்க ஓர் ஆள் இல்லையே என்று பலமுறை மனம் வெதும்பியிருக்கிறேன். ஏனென்றால் பிறர் சீட்டைப் பாராமல் தன் சீட்டை விளங்கிக்கொள்ள எவராலும் இயலாது.

பிடித்தங்களின் பெயர்கள் காஞ்சி என்னும் சீனவழிச் சித்திர எழுத்துகளில் இருந்தன. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத்துக்கான நென்கின், வேலையிழப்புக் காப்பீடு, வருமான வரி என்று அகராதியை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தறிய ஒரு மாதமாயிற்று. பெயர் தெரிந்தபின்னும் பொருள் தெளியவில்லை. என் தந்தை செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்மூட்டை சுமந்தவர். வடமாவட்ட வழக்கப்படி அவரை நாங்கள் நைனா என்போம். கூடத்திலும் பிடித்தம் உண்டு. மேஸ்திரி மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைப்பார். முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டவன் வீட்டுக்கு அது போகும். யாருக்காகப் பிடித்தார்கள் என்று நைனாவைக் கேட்டால் ஆளின் பெயரைச் சொல்வார். நான் இங்கே யாருக்காகக் கொடுக்கிறேன் என்று கேட்டால், சமூகத்துக்கு என்றார் மொரிதா சான். அது சரியான விடைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் எனக்கு ஒரு முகம்கூடத் தெரியாது.

இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் சீட்டு திடீரென்று இளைத்தது. ஜூமின்சேய் என்று புதிதாக ஒரு வரி. அது குடியிருப்போர் வரி. முந்தைய ஆண்டின் வருமானத்தைக் கணக்கிட்டு அடுத்த ஆண்டு ஜூன் முதல் பிடிப்பது. புதிதாக வருபவருக்கு முந்தைய ஆண்டு வருமானம் இங்கே இல்லாததால் முதலில் பிடித்தம் இராது. அந்த முதலாண்டுச் சம்பளத்தையே என் சம்பளம் என்று நம்பி, கோடை விடுமுறைக்கு ஊர் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். போக இயலவில்லை. வேலையில் சேரும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அது சட்டத்தில் இருக்கிறதே என்று மொரிதா சான் வியப்போடு பதில் சொன்னார். அவர் என்னை ஏளனம் செய்யவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதே அவ்வியப்பின் பொருள்.

சினத்தோடு சீட்டை வரிவரியாகப் படித்தபோதுதான், கீழே வலப்புறத்தில் ஒரு சிறு கட்டத்தில் சுழியம் இருப்பதைக் கண்டேன். அது சார்ந்திருப்போர் எண்ணிக்கை. ஒருவர் தம் வருமானத்தில் எத்தனை பேரைக் காப்பாற்றுகிறார் என்பதைப் பொறுத்து வரி குறையும். அவர்கள் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் குறையும். என்னைப்போலவே ஆங்கிலம் கற்பிக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியை ஒருவருக்கு அக்கட்டத்தில் மூன்று என்றிருப்பதை அவரே காட்டினார். எனக்குச் சுழியம். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பியும், எழுபதைக் கடந்த தாயும் தந்தையும் அதில் உண்டு வாழ்ந்தும், இந்நாட்டின் பார்வையில் நான் எவரையும் காப்பாற்றாதவள். வரியைவிட அந்தச் சுழியமே என்னை உறுத்தியது. இருவரையும் அக்கட்டத்தில் சேர்த்தே தீர்வதென்று முடிவு செய்தேன்.

என் பிறப்புச் சான்றிதழை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை அடுக்கி மொரிதா சானிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு பற்றுச்சீட்டில் இருந்த பெயரின்மேல் பேனாவின் பின்முனையை வைத்தார்.

“இது யார்?”

“என் தம்பி வேலு.”

“அவருக்கு வேலை இல்லையா?”

“இருக்கிறது. கைப்பேசிக் கடையில்.”

“அப்படியானால் வேலை பார்க்கும் தம்பியை நீங்கள் ஏன் காப்பாற்றுகிறீர்கள்?”

தம்பியை அல்ல, பெற்றோரைத்தான் என்று விளக்கினேன். பணம் அவன் கணக்குக்குப் போகும். அவன் எடுத்து வீட்டில் கொடுப்பான். கொடுத்ததற்குச் சான்று உண்டா என்றார். எங்கள் வீட்டில் அரிசி வாங்கிப் போட்டவனிடம் எவரும் கையொப்பம் கேட்பதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. சார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே பணம் போயிருக்க வேண்டும்; தந்தை பெயரில் போனால் தந்தை மட்டும், தாய் பெயரில் போனால் தாய் மட்டும் என்று தாளில் எழுதிக் காட்டினார். ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டேன். அடுப்பு என்பதை அவர் எரிவாயுக் கட்டணம் என்று கொண்டார்போலும். அதற்கான சீட்டு தேவையில்லை என்றார்.

பணம் ஏன் வேலு பெயரில் போயிற்று என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மகள் சம்பளத்தில் தந்தை வாழ்வது தலைகுனிவு. மகன் தந்தால் பெருமை. மகள் தந்தால், உட்கார்ந்து தின்கிறான் என்பார்கள். மகளைப் படிக்கவைக்க மூட்டை சுமந்ததைக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த நைனா, அம்மகளின் பணம் தம் பெயருக்கு வருவதை மட்டும் ஏற்கவில்லை. நான் விமானம் ஏறுமுன்னரே, பணம் வேலு கணக்குக்கு வரட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வசதிக்காகச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அவரிடம் தொலைபேசியில் பேசினேன். அக்கட்டத்தின் ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழில் சார்ந்திருப்பவர் என்றும் பேணப்படுபவர் என்றும் எழுதலாம்; பேச்சில் இரண்டும் எடுபடா. அதனால் எளிமையாகவே சொன்னேன்.

“நைனா, உன் பேர்ல ஒரு அக்கவுண்டு தொறக்கணும்.”

“எனக்கு இன்னாத்துக்கும்மா? வேலுகிட்ட இருக்குதே.”

“வேலு பேர்ல அனுப்பினா இங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க. உனக்கு நான்தான் சோறு போடறேன்னு காட்டணும்.”



“யாருக்கு காட்டணும்?”

“இந்த ஊரு கவர்மெண்டுக்கு.”

“அந்த கவர்மெண்டுகிட்ட நான் சோறு கேட்டேனா?” என்று சொல்லி, அலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு இவ்வகைத் தயக்கம் எதுவும் இல்லை. நூறு நாள் வேலைக்காகப் பக்கத்து அனந்தபுரம் வங்கியில் தொடங்கிய கணக்கு தமக்கு இருப்பதாகவும், அந்த மாதமே அதில் போடும்படியும் சொன்னார். “எம் பொண்ணு காசுதான் துன்றேன்னு மைக் வெச்சி சொல்லு, எனக்கு இன்னா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நைனா ஏன் முறுக்கிக்கொண்டார் என்பதையும் சொன்னார். அதை அன்றுதான் அறிந்தேன். நைனாவோடு மூட்டை சுமந்தவர் ஏழுமலை. அவருடைய மகளுக்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்த புதிதில், அவர் புதுச்செருப்போடு தேநீர்க்கடைக்கு வந்திருக்கிறார். நைனா எல்லோர் முன்னும் கேட்டாராம்: “இன்னா ஏழுமல, வலது கால் செருப்பு பொண்ணு சம்பளம், இடது கால் செருப்பு யாரு சம்பளம்?” கடையே சிரித்திருக்கிறது. ஏழுமலைக்குச் செருப்புக்காரர் என்றே பெயராகிவிட்டது. அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். நைனா இன்றும் காலையில் அந்தக் கடையில்தான் உட்காருகிறார்.

“செஞ்சி பேங்க்ல எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. எட்டு மணிக்கு அக்கவுண்டு தொறந்தா ஒம்பது மணிக்கு கடைக்கு சேதி வந்துடும்” என்றார் அம்மா. வங்கி எட்டு மணிக்குத் திறப்பதில்லை என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மாதங்கள் நான் வற்புறுத்தினேன். இவ்வளவு படித்தும், தந்தையாரின் ஒற்றைப் பிடிவாதத்தைச் சட்டத்தின் சொற்களால் அசைக்க முயன்றது வீண். இங்கே மொரிதா சான் ஒவ்வொரு மாதமும், உங்கள் தந்தை இன்னும் தயாராகவில்லையா என்று பணிவோடு கேட்பார். நைனா உடல்நலம் குன்றியிருக்கிறார் என்று அவர் கருதிவிட்டார். நலம்பெற வாழ்த்தி எனக்கு ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்தார். மறுக்கவும் முடியவில்லை, உண்ணவும் முடியவில்லை.

முடிவில் வேலுதான் வழி கண்டான். தன் பெயரில் வரும் பணத்துக்குத் தான் பதில் சொல்ல நேர்கிறது, தெருவில் எல்லோரும் தன்னிடம் கைமாற்று கேட்கிறார்கள் என்று அவன் ஒருநாள் வீட்டில் கத்தியிருக்கிறான். அக்காவின் பணத்தைக் கொண்டு தான் பெரிய மனிதனானது போதும் என்றிருக்கிறான். மறுநாள் நைனா சட்டையை மாற்றிக்கொண்டு, செஞ்சியை விட்டுத் திண்டிவனத்துக்குப் பேருந்தேறிப் போய்க் கணக்குத் தொடங்கினார். கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தை வேலு படமெடுத்து அனுப்பினான். நைனாவின் பெயர் முழுமையாகவும் பிழையின்றியும் இருந்தது. அதைத் திரையில் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த மாதத்திலிருந்து பணத்தை இரண்டாகப் பகுத்து அனுப்புகிறேன். ஆண்டிறுதிக் கணக்கில் அறிவிப்புத் தாளை நிரப்பி, இவ்விருவரும் என் வருவாயைச் சார்ந்து வாழ்கின்றனர் என்ற வாசகத்தின்கீழ்க் கையொப்பமிட்டேன். மொரிதா சான் மகிழ்ந்தார். வரி குறைந்தது. இந்தக் கோடையில் ஊருக்குப் போகப் பயணச்சீட்டும் வாங்கிவிட்டேன். நியாயமாக இக்கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் சென்ற வாரம் அம்மா சொன்னார்: “நீ எனக்கு போடறதுலதான் குடும்பம் ஓடுது. உங்க நைனா அந்த காச எடுத்தாரா இல்லியான்னே தெரியல. புக்க எங்க வெச்சிருக்கறார்னு தெரியல. ரெண்டு தபா திண்டிவனம் போய்ட்டு வந்தாரு. கேட்டா மூக்குக் கண்ணாடி பாக்கன்னாரு. கண்ணாடியும் வர்ல.” எடுக்காத பணத்தை ஒருவர் எப்படிச் சார்ந்திருப்பவர் ஆவார் என்ற ஐயம் எனக்கு வந்தது; பொய்யான வாசகத்தின்கீழ்க் கையொப்பமிட எனக்கு விருப்பமில்லை. மொரிதா சானிடம் கேட்டேன். பணம் அவர் பெயருக்குப் போய்ச் சேர்ந்ததற்குத்தான் சான்று வேண்டும், அவர் செலவழித்தாரா என்று நாங்கள் கேட்பதில்லை என்றார். உண்டதை நம்ப மறுத்த அதே தாள், உண்ணாததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆக, ஒரு நாட்டின் சீட்டில் அவர் மகள் சோற்றில் வாழ்பவர். இன்னொரு நாட்டின் தேநீர்க்கடையில் மகன் தயவில் வாழ்பவர். இரண்டு இடங்களிலும் அவர் எனக்குத் தந்தைதான். ஆனால் எந்த இடத்துக் கணக்கை ஏற்றாலும், மற்ற இடத்தில் நான் பொய் சொல்பவளாகிறேன்.

நான் சரிபார்க்க முடிந்தவை இவ்வளவே. என் சீட்டில் அந்தச் சிறு கட்டத்தில் இப்போது இரண்டு என்று அச்சாகிறது. அம்மாவைப் பொறுத்தமட்டில் அது உண்மை. நைனா திண்டிவனத்துக் கணக்கிலிருந்து ஒருமுறையேனும் பணம் எடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது.