எரிமலைத் தீவுக்கு நான் நிரப்பிய படிவம்

பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னைப் படிவக்கார றோசலின் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடமாக இந்தப் பகுதித் தமிழர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அகதி விண்ணப்பம், ஸ்பொன்சர், பிள்ளைகளின் பகல் காப்பகமான கார்டெரி, வயதானவர்களின் பென்ஷன், எல்லாம் என் சமையலறை மேசைக்கு வந்துதான் போகும். பிரெஞ்சும் ஆங்கிலமும் எனக்கு ஓரளவு ஓடும். வாயும் கொஞ்சம் நீளம்.

எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கேட்டதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது. ‘இல்லை’ என்று போடக்கூடிய இடத்தில் ‘இல்லை’ என்றே போட வேண்டும். அகதியாக வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் சொந்த விண்ணப்பத்தில், சின்ன வயதில் காசநோய்க்கு மருந்து குடித்தேன் என்று உண்மையை எழுதிவிட்டு, அந்த ஒரு வரிக்காக இரண்டு வருடம் இழுபட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் எந்த வருத்தமும் நான் எழுதியதில்லை. எங்கள் தெருத் தமிழர்களைப் போல நோய்நொடி இல்லாத சனம் உலகத்திலேயே கிடையாது என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கும்.

சிவாஜினி எனக்குக் கீழ் வீட்டில் இருக்கிறாள். அஹுன்ட்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. புருஷன் மாரடைப்பில் போனபோது மகள் றொஷினிக்கு ஐந்து வயது. பனி கொட்டினாலும் விடியமுன் பஸ்ஸுக்கு நிற்பாள். காய்ச்சல் என்றாலும் போவாள். ஏனடி என்று கேட்டால், “கிழடுகள் சூப்புக்குப் பாத்துக்கொண்டிருக்குங்கள், அக்கா” என்பாள். பிறரிடம் ஒன்று கேட்பதென்றால் அவளுக்குக் கூச்சம். தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், நாம் போதும் போதும் என்று சொல்லும் மட்டும் திருப்பிச் செய்துகொண்டிருப்பாள்.

மகளை டொக்டர் ஆக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். இங்கே இடம் கிடைக்கவில்லை. கரீபியன் கடலில் ஒரு தீவில் ஆங்கில மருத்துவக் கல்லூரி இருந்தது. ரொறொன்ரோத் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் அங்கே படித்தார்கள். தீவின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அந்தக் கல்லூரி இன்னும் நடக்கிறது, அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

அந்தப் படிவமும் என் மேசைக்கு வந்தது. றொஷினி பக்கத்தில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். உடல்நலப் பகுதியில் ஆஸ்துமா உண்டா என்று ஒரு கேள்வி.

“பிள்ளைக்குச் சின்னனிலையிருந்து முட்டு இருக்குதெல்லே. எழுதுங்கோ அக்கா” என்றாள் சிவாஜினி.

“உனக்கென்ன விசரே?” என்று நான் பாய்ந்தேன். “எழுதினால் இடம் தராங்கள். ரொறொன்ரோப் பெட்டையள் அங்கை இருக்கினம். முட்டுக்காரி எண்டு கதை பரவினால், நாளைக்கு இவளை ஆர் கட்டுவினம்? மூச்சுக்கு அடிக்கிற பம்பை ஒருத்தருக்கும் காட்டாமல் பாத்ரூமுக்குள்ளை போய் அடிக்கட்டும்.”

அவள் சற்று யோசித்தாள். “உங்களுக்குத் தெரியாததோ, அக்கா” என்றாள். நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். றொஷினி கையெழுத்து வைத்தாள். கீழே, நிரப்பிக் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் முகவரியையும் எழுதி, நானும் வைத்தேன்.

முதல் வருடம் நன்றாகப் போனது. இடம் கிடைத்துப் போன றொஷினி கடற்கரைப் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் அந்தத் தீவின் மலை புகைக்கத் தொடங்கியது. வெடிக்கவில்லை, சும்மா மாதக்கணக்காகப் புகைத்தது. தீவுச் சனம் அதோடு வாழப் பழகியது. காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்களாம். மலைப் பக்கமிருந்து அடித்தால் யன்னல் பூட்டு, கதவின் கீழ் ஈரத் துவாய், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மரவள்ளி இலையெல்லாம் கருகி, மழைத்தண்ணித் தொட்டி புளித்துப்போனது. “நெருப்புக்குச்சி உரசின மணம் அன்ரி, சோத்திலையும் அந்த மணம்தான்” என்று றொஷினி வட்ஸ்அப்பில் சொன்னாள். ஒரு மாதத்துக்குக் காணும் பம்ப் பத்து நாளில் முடிந்தது. அங்கே போகிற ஆட்களைத் தேடிப் பிடித்து, சிவாஜினி பம்பை மிளகாய்த்தூள் பொதிக்குள் ஒளித்து அனுப்பினாள். அந்த யோசனையும் நான் சொன்னதுதான்.

ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மலை வெடித்தது. மத்தியானமே இருட்டிவிட்டது. சாம்பல் மழை. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சீமெந்துபோல இறுகும் என்று சனம் கூரையிலேறி உலர்ந்த சாம்பலைக் கூட்டித் தள்ளினார்களாம். கல்லூரி மாணவர்களை ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை காலை சிவாஜினி மூச்சு வாங்க என் படியேறி வந்தாள்.

“அக்கா, முதல் கப்பலிலை நெஞ்சு வருத்தக்காரரை ஏத்துகினமாம். படிவத்தைப் பாத்துத்தான் லிஸ்ட் போட்டவையாம். பிள்ளையின்ர பேர் அதிலை இல்லை. ஒருக்கா போன் எடுத்துச் சொல்லிவிடுவமோ?”

“பொறு” என்றேன். “பொய் எழுதினதெண்டு தெரிஞ்சால் படிப்பிலையிருந்து நிப்பாட்டிப் போடுவாங்கள். நாளைக்கு எப்பிடியும் எல்லாரையும் ஏத்துவினம்.”

“நீங்கள் சொன்னால் சரி அக்கா” என்று இறங்கிப் போனாள்.

நான் நினைத்தது படிப்பைப் பற்றியல்ல. அந்தப் படிவத்தில் என் கையெழுத்து இருந்தது. ஒன்றைத் தோண்டினால் முப்பது வருடத்துப் படிவங்களும் வெளியே வரும், இந்தத் தெருவில் என் பெயர் நாறிப்போகும் என்று பயந்தேன். அன்று முழுக்க வீட்டைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன். போன் மேசையில்தான் கிடந்தது. பிள்ளைக்கு வாய் இல்லையா, வேண்டுமென்றால் அவளே சொல்லுவாள்தானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை றொஷினியிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. “அன்ரி, அம்மாட்டை...” அவ்வளவுதான். பிறகு இருபது விநாடி விசில் அடிப்பதுபோல மூச்சு மட்டும்.

அப்போதுதான் போனை எடுத்தேன். கல்லூரியின் அவசர எண்ணில் பேசிய பெண்ணிடம், படிவத்தில் இருப்பது பொய், எழுதியது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. பிள்ளையின் பெயரையும் எத்தனை வயது என்பதையும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் ஒரு நாள் முழுக்கப் பயந்த விஷயத்துக்கு அரை நிமிடம்கூடச் செல்லவில்லை.

பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரியில் றொஷினி மூன்று கிழமை கிடந்தாள். ஒரு கிழமை மெஷின்தான் மூச்சு விட்டது. வைகாசியில் வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, மெற்றோப் படியில் மூன்று தரம் நின்றுதான் ஏறுகிறாள். சிவாஜினி ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “றோசலின் அக்கா போன் எடுத்தபடியால்தான் என்ர பிள்ளை இருக்கு” என்று சொல்லித் திரிகிறாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

பொறுக்க முடியாமல், ஒரு பின்னேரம் கீழே போய் றொஷினியின் பக்கத்தில் இருந்தேன். சனிக்கிழமை அவளுடைய அம்மா கேட்டதையும், நான் பொறு என்றதையும், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு, கேட்கத் தகுதி இல்லாத கேள்வியையும் கேட்டேன்.

“நீயெண்டாலும் அவையிட்டைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?”

“கேட்டவை அன்ரி” என்றாள். இடையில் நிறுத்தி மூச்செடுத்தாள். “சனிக்கிழமை மண்டபத்துக்கை வந்து, லிஸ்டிலை இல்லாத ஆருக்கும் ஆஸ்துமா இருந்தால் கை உயர்த்தச் சொன்னவை. நான் உயர்த்தேல்லை. படிவத்திலை உங்கட பேரும் அட்ரஸும் இருந்ததெல்லே. பொலிஸ் கிலிஸ் எண்டு உங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்திடும் எண்டு நினைச்சன்.”

அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே சாம்பலுக்குள் இருந்துகொண்டு அவளும் என்னைத்தான்.