ஈசான மூலையில் ஒரு புள்ளி

பழைய படங்களில் புள்ளி தேடுவது என் தொழில். புள்ளியைக் கண்டுபிடித்தால் வாடிக்கையாளர் திட்டுவார், கண்டுபிடிக்காவிட்டால் ‘இதற்கா இத்தனை வாரம் எடுத்தீர்கள்’ என்று கேட்டுத் திட்டுவார்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பல ஊர்களில் வீடு கட்டக் காணி வாங்கினால், மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பு அங்கே உலகப் போர்க்காலக் குண்டு ஏதாவது புதைந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று குண்டு போட்டவர்களே பிறகு இன்னொரு விமானத்தை அனுப்பி, எவ்வளவு நாசம் செய்தோம் என்று மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்கள் இப்போது எங்கள் மேசையில் இருக்கின்றன. வெடித்த குண்டு படத்தில் ஒரு பெரிய வட்டப் பள்ளமாகத் தெரியும். வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டு, ஒரு மிளகு போலக் கறுப்பாகத் தெரியும். டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினாறு வருடமாக நான் மிளகு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதிகம் தலைவலி தருவது ரைன் நதிக்குக் கிழக்கே உள்ள காட்டு மலைகள். போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஜெர்மன்காரர்கள் அங்கே மரங்களுக்கு நடுவில் சாய்வான ஏவுதளங்கள் அமைத்து, ஆளில்லாமல் பறக்கும் குண்டுகளை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தின் பக்கம் ஏவினார்கள். அந்தத் தளங்களை அழிக்க எதிர்ப்பக்கத்தின் சின்ன பொம்பர் விமானங்கள் கூட்டமாக வந்தன. இன்று அதே மலைச்சரிவில் பால்கனி வைத்து வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து சேர்கிறார்கள். வாடிக்கையாளர் முகத்தில் விழித்துச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒழுங்கான தாத்தா

ஒருவர் தொலைபேசியில் வந்தார். தாத்தாவின் வயல் அவர் கைக்கு வந்திருந்தது. அங்கே வீடு கட்டப் போகிறார். வயலில் இரண்டு சந்தேகப் புள்ளிகள் இருப்பதாக நான் அறிக்கை அனுப்பியிருந்தேன். தாத்தா அந்த வயலை நாற்பது வருடம் உழுதாராம், கலப்பையில் ஒரு ஆணிகூடத் தட்டவில்லையாம். கலப்பை முழங்கை ஆழம்தான் போகும், குண்டு இரண்டு ஆள் ஆழம்கூடப் போயிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னேன். ஏவுதளம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது, படத்தில் நன்றாகத் தெரிகிறது என்றும் சொன்னேன்.

மறுமுனையில் அறிக்கையைப் புரட்டும் சத்தம் கேட்டது. யோசிக்கிறார் என்று நினைத்து மகிழ்ந்தேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: “என் தாத்தா மிகவும் ஒழுங்கானவர். அவருடைய நிலத்தில் அனுமதியில்லாமல் எதுவும் விழுந்திருக்காது.”

வார்த்தை மாற்றம்

காணி விற்கும் தரகர் ஒருவர், பளபளக்கும் சப்பாத்து, அதைவிடப் பளபளக்கும் சிரிப்பு. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, ஒரே ஒரு சொல்தான் உறுத்துகிறது என்றார். “‘வெடிக்காத குண்டு இருக்கலாம்’ என்பதற்குப் பதிலாக ‘வரலாற்றுப் பின்னணி கொண்ட நிலம்’ என்று எழுத முடியாதா?”

அழகான விமானம்

இன்னொரு சாதி உண்டு. இவர்களுக்கு வீடும் வேண்டாம், காணியும் வேண்டாம். ஓய்வு பெற்றவர்கள், வீட்டு நிலவறையில் பொம்மை விமானம் ஒட்டுகிறவர்கள். அப்படி ஒருவர் ஒரு தாக்குதலின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டக் கேட்டு வந்தார். எந்தப் படையணி, எத்தனை விமானங்கள், எந்த உயரம், எல்லாம் மனப்பாடம். ‘துல்லியத் தாக்குதல், இலக்கு தகர்ந்தது’ என்று விமானிகள் எழுதிக் கொடுத்ததை என்னிடம் வேதம் போல ஒப்பித்தார்.

படத்தை அவர் முன்னால் வைத்தேன். காட்டுக்குள் ஏவுதளம் முழுசாகக் கிடக்கிறது, ஒரு கீறல் இல்லை. குண்டுக் குழிகள் மாட்டுப் புல்வெளியில், ஓடையில், கிராமத்துத் தேவாலயத்தின் பின்புறம். பறக்கும் குண்டை எங்கே விழும் என்று தெரியாமல் ஏவியவர்களும், அதைத் தடுக்க வந்து மாட்டுக் கொட்டிலைத் தகர்த்தவர்களும் கெட்டிக்காரத்தனத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பது வயது வரை இருந்தவள். பொம்பர் சத்தம் கேட்டதும் வளவில் வெட்டிய பங்கருக்குள் பாய்ந்து, அம்மாவின் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தவள். துல்லியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அவர் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தவை வீடுகள் என்றேன். தலையை ஆட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு சொன்னார்: “இருந்தாலும் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அம்மா. என்ன அழகான விமானம்!”

தவராசா அண்ணையின் அவசரம்

ஜெர்மன்காரர்களை மட்டும் சொன்னால் நியாயமில்லை. நம்மவர் கதை இனித்தான்.

தவராசா அண்ணை எங்கள் கோயில் தேர்த்திருவிழாவில் ஒலிபெருக்கி பிடிப்பவர். முப்பது வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, அந்த மலைச்சரிவில் காணி வாங்கியிருந்தார். அவருடைய கோப்பு என் மேசைக்கே வந்தது. தெரிந்தவர் என்பதால் படத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்த்தேன். விமானம் குண்டுகளை வரிசையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளி விட்டுப் போடும். படத்தில் ஒரு குழி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் குழி இல்லை, மிளகு இருந்தது. பிறகு ஐந்தாவது, ஆறாவது. மிளகு இருந்த இடம் தவராசா அண்ணையின் காணியில் வடகிழக்கு மூலை.

வடகிழக்கு என்றால் ஈசான மூலை. அத்திவாரத்துக்கு முதல் மண் வெட்டும் இடம். அண்ணை நேரில் வந்தார். தோண்டிப் பார்க்கும் ஆட்கள் வர டெர்மீன், அதாவது நாள் ஒதுக்கீடு, மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றேன். அதற்குள் மார்கழி பிறந்துவிடும், தன்னுடைய ராசிக்கு இந்தச் சனிக்கிழமையை விட்டால் சித்திரை வரைக்கும் நாள் இல்லை என்றார். பிறக்கப் போகும் பேரப்பிள்ளையைப் புது வீட்டில் தூக்க வேண்டுமாம். அது எனக்கும் மனதில் பட்டது. ஆனால் மூன்று வாரம் பொறுத்தால் தூக்குவதற்குக் கையும் இருக்கும் என்றேன். சிரித்தார். மேசையில் குனிந்து புள்ளியை நகத்தால் தொட்டுப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்: “தங்கச்சி, உந்தப் புள்ளியை ஒரு நாலு மீற்றர் தள்ளி, பக்கத்துக் காணிக்குள்ள வைக்க ஏலாதே?”

சூரியன் செய்த பிழை

எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் ப்ரெமர். ஒரு புள்ளிக்காக யாரும் காத்திருப்பது அவருக்குப் பிடிக்காது. காத்திருப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள், கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். தவராசா அண்ணை இரண்டே நாளில் மூன்று கடிதம் எழுதியிருந்தார். டாக்டர் படத்தை என் கையிலிருந்து வாங்கினார், பார்த்தார், சிரித்தார். “இவை குண்டுக் குழிகளா? வைக்கோல் போர்கள், அம்மா. வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் புள்ளி சாணக் குவியல்” என்றார். ‘சந்தேகம் இல்லை’ என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. படத்தை, நிழல் பார்ப்பவரை நோக்கி விழுகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் கண் ஏமாந்துவிடும். பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும். இந்தப் பாடத்தைப் புதியவர்களுக்கு நடத்துபவரே டாக்டர் ப்ரெமர்தான். நான் அவர் கையிலிருந்த படத்தை மெதுவாகத் திருப்பி வைத்தேன். ஐந்து வைக்கோல் போரும் அவர் கண் முன்னாலேயே ஐந்து பள்ளமாகின. அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. அறிக்கையை நான் எழுதியபடியே அனுப்பச் சம்மதித்தார், ஆனால் கதவருகே போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நான் பிடித்தது சரிதான். அந்த விமானி தவறான நேரத்தில் படம் எடுத்திருக்கிறான்.”

நல்ல நேரம்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கைப்பேசியோடு வந்தாள். “இஞ்சை பார், தவராசான்ர அத்திவாரக்கல்லு லைவ்ல போகுது” என்றாள். பார்த்தேன். பட்டுச் சேலைகளுக்கு மேல் குளிர் அங்கிகள், ஐயர் மணி அடிக்கிறார், யாரோ கொண்டுவந்த சின்ன பெக்கோ இயந்திரம் மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது. மலை மண் இறுகிக் கிடந்ததால் மண்வெட்டி ஏறவில்லையாம். குழியின் விளிம்பில் பூத்தட்டோடு ஏழெட்டுப் பிள்ளைகள். எந்த மூலை என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

போலீசுக்கு அழைத்தேன். அடுத்து அண்ணைக்கு அழைத்தேன். அம்மாவின் கைப்பேசியில் எல்லாம் தெரிந்தது: அண்ணையின் சட்டைப் பையில் மணி அடிக்கிறது, எடுத்துப் பார்க்கிறார், என் பெயரைக் கண்டதும் அணைத்துவிட்டுப் பையில் போடுகிறார். பெக்கோ மறுபடியும் குழிக்குள் இறங்குகிறது. எனக்கு அப்படிப் பயமாக இருந்தது. பங்கருக்குள் இருந்த காலத்துக்குப் பிறகு அப்படிப் பயந்ததில்லை. காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் இருவர் முன்பே வந்து பெக்கோவை நிறுத்தியிருந்தார்கள். குழி நெஞ்சளவு. உள்ளே, பெக்கோ நின்ற இடைவெளியில் அவசரமாகப் போட்ட தேங்காய், மஞ்சள், நவதானியம். “பிள்ளையளைச் சுத்தி நிப்பாட்டி வைச்சே அண்ணை தோண்டினனீங்கள்?” என்று கத்தினேன். அண்ணை என்னைச் சமாதானப்படுத்த வந்தார். “பொம்பர் எங்களுக்கென்ன புதுசே, தங்கச்சி? எத்தினை குண்டுக்குத் தப்பி வந்தனாங்கள்” என்றார். தப்பி வந்ததை ஒரு உரிமப் பத்திரம் போலக் காட்டுகிறவர்களிடம் என்ன பேசுவது? பிள்ளைகளை இரண்டு இரண்டாகக் கையில் பிடித்து வீதிக்கு இழுத்தேன். அண்ணையின் மனைவி றஞ்சி அக்கா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவரையும் போகச் சொல்லக் கிட்டப் போனேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லும், வீடியோவுக்குள்ள விழுறீர்.”

நவதானியத்துக்குக் கீழே

அன்று மாலைக்குள் அவசரமாக ஆட்கள் வந்து தேடினார்கள். மூன்று வாரம் கிடைக்காத டெர்மீன், போலீஸ் கேட்டதும் மூன்று மணி நேரத்தில் கிடைத்தது. நவதானியம் கிடந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே குண்டு இருந்தது. பெக்கோ இன்னும் இரண்டு தடவை வாரியிருந்தால் இரும்பில் தட்டியிருக்கும். சுற்றியிருந்த வீடுகளில் எல்லோரையும் வெளியேற்றி, செயலிழக்கச் செய்து, சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். நான் காருக்குள் இருந்து அழுதேன். பூத்தட்டுப் பிள்ளைகளில் ஒருத்திக்கு ஒன்பது வயதுதான் இருக்கும். திங்கட்கிழமை டாக்டர் ப்ரெமர் பத்திரிகைக்காரரிடம் தன் கூர்மையான பார்வையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதற்கெல்லாம் கோபப்பட என்னிடம் தெம்பு மிச்சமில்லை.

ஒரு வாரம் கழித்துத் தவராசா அண்ணை ஒரு பெட்டி லட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். மனுஷன் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார், பாவம் என்று நானும் இளகிவிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டேன். பிள்ளைகளை அந்தக் குழியின் விளிம்பில் நிற்க வைத்ததை நினைத்தால் நித்திரை வருவதில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அண்ணை நன்றாக நித்திரை கொண்ட முகத்தோடு உட்கார்ந்து, லட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளி, தீர்ப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: “பாத்தீங்களே தங்கச்சி, நல்ல நேரத்தில தோண்டினபடியாத்தான் அது வெடிக்கேல்லை.”

எண்பது வருடம் வெடிக்காமல் பொறுமையாகக் கிடக்கிற குண்டோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம், அதன் மேல் வீடு கட்ட வருகிற மனிதர்களைச் செயலிழக்கச் செய்யத்தான் இன்னும் யாரும் கருவி கண்டுபிடிக்கவில்லை.