வளைவில்லாத பாதை

கொடைக்கானலில் இருபத்தெட்டு வருடங்களாக மற்றவர்களை நடக்கவைத்துப் பிழைத்தவன் நான். விடுதிகளுக்கு வருகிறவர்களைக் காட்டுப் பாதைகளில் கூட்டிக்கொண்டு போய், சாயங்காலத்துக்குள் உயிரோடு திருப்பி ஒப்படைப்பது என் வேலை. என்னிடம் மூன்று வகை நடை உண்டு: சுலபம், நடுத்தரம், கடினம். யாருக்கு எது என்று நான்தான் முடிவு செய்வேன். அதற்கு ஆளைப் பார்க்க மாட்டேன், காலணியைப் பார்ப்பேன். புதிதாக, பளபளவென்று, விலை போட்ட அட்டையைப் பிய்த்த அடையாளத்தோடு இருந்தால் அவருக்குச் சுலபம். அதாவது ஏரியைச் சுற்றும் தார் ரோடு. வழியெல்லாம் சுட்ட மக்காச்சோளம் விற்பார்கள். அந்த நடைக்கு நான் துணைக்குக்கூடப் போவதில்லை.

சுலப நடைக்காரர்கள் என்றால் எனக்கு எப்போதும் இளக்காரம்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம் என் மனைவி, "ஏரியச் சுத்தி ஒரு நடை போயிட்டு வருவமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒரு நடையா? டூரிஸ்ட்டு சுத்துறது" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, நானும் அதை ஒரு நல்ல பதிலாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையில் நாங்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, வளைவில் சொல்வோம். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மூச்சிரைக்கக் கேட்பவரிடம், "இந்தா, வந்திருச்சுங்க. அந்த வளைவுதான்" என்பேன். அந்த வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு இருக்கும். ஒரு வங்கி அதிகாரியைக் கூக்கால் ஏரி வரைக்கும் இப்படியே வளைவு வளைவாக ஏமாற்றிக் கூட்டிப்போயிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இதைப் பொய் என்று சொல்லக் கூடாது, தொழில் நுணுக்கம். இன்னொரு விதியும் உண்டு. பாதையில் எப்போதும் மேட்டுப் பக்கத்தை ஒட்டி நடக்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் போகவே கூடாது. இந்த ஒன்றைக் கத்திக் கத்தித்தான் என் தொண்டை கெட்டது.

என் மனைவி ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். குளிரில், ஈரத் தரையில், நின்றபடியே செய்யும் வேலை. ஓய்வு பெற்ற அன்று பள்ளி அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. முழங்கால் வலியை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, அறுபத்து மூன்று படி இறக்கத்தில் இருக்கிறது. முதலில் கடைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதும் நின்றது. பூசைப் பாட்டு காற்றில் மிதந்து வந்தால் அடுப்பங்கரையிலிருந்தே கூடப் பாடுவாள்.

திண்டுக்கல்லில் டாக்டர் எலும்புப் படத்தைப் பார்த்துவிட்டு, "சமதரையில தினமும் நடக்கணும்மா. விட்டுட்டீங்கன்னா ஒரு வருஷத்துல நாற்காலிதான்" என்றார். எங்கள் ஊரில் சமதரை என்றால் அந்த ஏரி ரோடுதான். அதற்குப் போக அறுபத்து மூன்று படி ஏறி, அப்புறம் ஒரு சரிவு இறங்கி, திரும்பும்போது எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். "நடந்து குணமாகறதுக்கு இவ மொதல்ல குணமாகணும் சார்" என்றேன். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் ஒரே மகள் கிழக்குக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் செவிலியாக இருக்கிறாள். ஊருக்குப் பக்கத்திலேயே வனத்துறையின் சரணாலயம், மானும் பறவையுமாக. அதை ஒட்டிக் கடற்கரை. "இங்க எல்லாம் சமதரைதாம்மா. அடுத்த தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு. ரெண்டு பேரும் வந்துருங்க" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நானோ மலையை விட்டு இறங்கினால் ஒன்றுமில்லாதவன். அங்கே போய் யாருக்கு எந்த வளைவைக் காட்டுவது? "ஒரு வாரம் போய்ப் பார்ப்போம்" என்றேன். திரும்பி வரும் நாளையும் குறித்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் கடற்கரை மனிதர் வாழத் தகுந்த இடமில்லை என்று நிரூபித்துவிடுவதாக என் திட்டம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம். பஸ் பண்ணைக்காடு பிரிவைத் தாண்டியதும் மனைவி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். வத்தலக்குண்டில் தலையில் கட்டியிருந்த மப்ளரையும் எடுத்தாள். அவளுடைய கழுத்தை வெயிலில் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன், எனக்கு வேறு சோலி இருந்தது.

போய்ச் சேர்ந்த மறுநாளே என் வழக்கைத் தொடங்கினேன். "தண்ணி ஒரே உப்பா கெடக்கு" என்றேன். அவள் "ம்" என்றாள். அடுத்த நாள் கொசு. அதற்கடுத்த நாள் வேர்வை, மீன் வாடை, மின்விசிறிச் சத்தம். எல்லாவற்றுக்கும் அதே "ம்". காலையில் நான் விசிறிக்கு அடியில் புதுப்புதுக் குற்றச்சாட்டுகளை யோசித்துக்கொண்டு படுத்திருக்கும்போது, அவளும் மகளும் வெள்ளனே கடற்கரைக்குப் போய்விட்டு வருவார்கள். முதல் நாள் கொஞ்ச தூரம், பிறகு தினமும் இன்னும் கொஞ்சம்.

ஆறாம் நாள் மகளுக்குக் காலையிலேயே பணி. "அப்பா, இன்னிக்கு அம்மா கூட நீங்க போங்க" என்றாள். போனேன். என் மலை பூட்ஸைக் கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைத்தடியோடு, ஒரு கடற்கரைக்கு.

சரணாலயத்தின் வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் காவலர். பின்னால் பலகையில் நடைகளின் பட்டியல். கடைசியில், மிகச் சிறிய எழுத்தில், 'கடற்கரை நடை, எளிது'. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்தாள். "அய்யாவுக்குக் கடற்கரை நடை போதுங்க" என்றாள். பிறகு, "முடியலன்னா பாதியிலேயே திரும்பிடுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்று ஆறுதலும் சொன்னாள். என் மனைவியைப் பார்த்து மட்டும், "வாங்கம்மா, இன்னிக்குப் படகு வரைக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் இவளுக்கு இந்த ஊரில் ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

படகு என்பது கரையோரமாக ஒன்றரைக் கிலோமீட்டரில், மணலில் பாதி புதைந்து கிடக்கும் பழைய படகு. வாசலைத் தாண்டியதும் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அலையோரத்துக்குப் போனாள். "ஏய், பள்ளத்துப் பக்கம் போகாத! மேட்டுப் பக்கமா வா!" என்று கத்திவிட்டேன். மீன்வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வரவில்லை. நான் மட்டும் விதிப்படி மேட்டுப் பக்கமாகவே நடந்தேன்.

மேட்டுப் பக்கம் காய்ந்த மணல். வைத்த கால் கணுக்கால் வரை புதைகிறது, எடுத்தால் பாதி தூரம் பின்னால் வழுக்குகிறது. அலையோரத்து ஈர மணலோ மெழுகிய தரைபோல இறுகிக் கிடக்கிறது. இது எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருட அனுபவம் என்னைச் சரியாகத் தப்பான இடத்தில் நடக்கவைத்தது. பூட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் அரைப்படி மணல் சேர்ந்துவிட்டது. அதைவிட மோசம், வளைவே இல்லை. மலையில் ஒரு வளைவு வந்தால் நிற்கலாம், காட்சி பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கலாம். இங்கே எங்கே நின்றாலும் நின்றது தெரிந்துவிடும். வலது கைப் பக்கம் தூரத்தில் வெளிமான் கூட்டம் ஒன்று தலை தூக்கி என்னைப் பார்த்தது. அதுகூட என் பூட்ஸைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

என் மனைவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நொண்டல் இருந்தது, ஆனால் அதுவும் ஒரு தாளத்தோடு இருந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள். கால்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் அழிந்துகொண்டே வந்தன. நான் நின்றுவிட்டேன். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் இவள் நடந்து போவதைப் பின்னாலிருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மூச்சு வாங்கியதில் அது வெளியே தெரியவில்லை.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். காற்றில் பறந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா, வந்திருச்சுங்க!" என்றாள்.

படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான், அதனால் அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நடந்தேன். பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசியில் பள்ளத்துப் பக்கமே இறங்கி நடந்தேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மகளிடம் கேட்டேன், "அந்தக் காலி வீட்டு வாசல்ல எத்தன படி?"

"படியே கெடையாதுப்பா. தரையோட தரை. எதுக்குக் கேக்குறீங்க?"

பெருந்தன்மையான ஒரு தீர்ப்பைச் சொல்லப்போகிற ஆள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒங்கம்மாவுக்காக நான் யோசிச்சுப் பார்த்தேன்..."

"நான் ஸ்வெட்டரக் குடுத்துட்டேங்க" என்றாள் மனைவி, குழம்பை ஊற்றியபடி.

"எதக் குடுத்த?"

"என் ஸ்வெட்டர. பக்கத்து வீட்டம்மா விடியமுன்ன மீன் ஏலத்துக்குப் போகுது, பனியில நடுங்குது. வந்த மறுநாளே குடுத்துட்டேன்."

வந்த மறுநாள். தண்ணீர் உப்பு என்று நான் வழக்கைத் தொடங்கிய அதே நாள். தை மாதக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் எங்கள் மலைக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். கொசுவுக்கும் வேர்வைக்கும் அவள் "ம்" சொன்னதெல்லாம் வழக்கு முடிந்த பிறகு.

"அப்ப, நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"நீங்க ஊருக்குப் போயிருப்பீங்க. சீசனுக்குச் சோலி கெடக்குல்ல?" கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. "மீன் ஆறுது, வெரசாச் சாப்பிடுங்க."

வலித்தது. முடிவு என் கையில் இல்லாமல் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. நான் இல்லாமல் நடப்பது அவளுக்கு இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் வலித்தது. நான் அவள் இல்லாமல் இருபத்தெட்டு வருடம் நடந்ததும் இதே மாதிரி சுலபமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வரட்டா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். வெறுங்காலாக இருந்தது.

"வாங்க" என்றாள்.