கம்பம் பாடிய சாயங்காலம்

ஏப்ரல் முதல் தேதி வந்தால், சாந்தோமில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நடப்போம். உருளைக்கிழங்கைப் பாதியாக அறுத்து, 'ஏப்ரல் ஃபூல்' என்பதற்கு 'ஏ.எஃப்.' என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளை இடம்வலம் மாற்றிச் செதுக்கி, மையில் தோய்த்து வைத்துக்கொண்டு, ஏமாந்தவள் முதுகில் ஒரு குத்து. பிரம்போடு ஓடிவரும் கன்னியாஸ்திரீயின் வெள்ளை அங்கியிலும் பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கும். அது அவருக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

எங்கள் குப்பத்தில் இந்தக் காரியத்தை உருளைக்கிழங்கு இல்லாமலே செய்துவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஒரு வருஷம் அடையாற்று முகத்துவாரத்தில் திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பாதிக் குப்பம் மணலில் ஓடியது. அடுத்த வருஷம் என் அப்பாவிடம், நாங்கள் நைனா என்போம், வந்து, சாமியார் அவசரமாகக் கூப்பிடுகிறார் என்றார். நைனா துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனார். சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததுதான் வந்தாய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமாவது செய்துவிட்டுப் போ என்று முழங்காலில் உட்கார வைத்துவிட்டார். நைனா திரும்பி வந்தபோது மாமா ஊரில் இல்லை.

இப்படிப்பட்ட மாமாவுக்கு எங்கள் அத்தையின் மேல் ஆசை. அத்தை என்றால் நைனாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நைனா மசியவில்லை. கட்டுமரத்தில் ஏறினால் குமட்டுகிறது என்று மாமா கடலுக்குப் போவதில்லை. ஒரு மேஸ்திரியிடம் குழி தோண்டுவதும் கம்பம் நடுவதுமாகக் கூலி வேலை. அதைக்கூட நைனா பொறுத்துக்கொண்டார். "வாயத் தொறந்தா பொய்யி. அவனுக்கா எந்தங்கச்சி?" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. நாலு பேர் எதிரில் அதைச் சொல்லியும் விட்டார். எங்கள் குப்பத்தில் நாலு பேர் எதிரில் சொன்னதை ஓர் ஆண்பிள்ளை லேசில் மாற்றிக்கொள்ள முடியாது.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி. முதுகில் இரண்டு முத்திரையோடு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, நைனா வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் பீடியோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அக்கா, மச்சான், அல்லாரும் பீச்சாண்ட வாங்க. நாங்க நட்ட கம்பம் இன்னிக்குப் பாடப் போவுது!"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எங்கள் கோழி பயந்து கூரையில் ஏறியது.

"போன தபா திமிங்கலம். இந்தத் தபா கம்பமா?" என்றார் நைனா.

மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கம்பத்தின் உச்சியில் ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழல் கட்டியிருக்கிறதாம். பாடுகிறவர்கள் வேறெங்கோ அறைக்குள் உட்கார்ந்து பாடுவார்களாம். பாட்டு கம்பி வழியாக வந்து குழலில் கொட்டுமாம். கிராமபோன் பெட்டியில்லை, பிளேட்டு இல்லை, சாவி கொடுக்க வேண்டாம். அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல அது இன்னும் பெரிய பொய்யாகத் தெரிந்தது.

நைனா ஊசியைக் கீழே வைத்தார். "டேய், கம்பம் மட்டும் பாடட்டும். எந்தங்கச்சிய உனக்கே கட்டி வெக்கிறேன். பாடலேன்னா இந்த வாசல்ல கால் வெக்கக் கூடாது. இன்னா சொல்றே?"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. பொய்யென்றால் யோசிக்காமல் சரி என்றிருப்பார். இது நிஜமாயிற்றே. கம்பி எங்காவது அறுந்துவிட்டால்?

உள்ளே அம்மியின் சத்தம் நின்றது. கையெல்லாம் மிளகாயோடு அத்தை வெளியே வந்தாள். "என்னியக் கேக்காம நீங்க ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு கீறீங்க?" என்று நைனாவை ஓர் அதட்டல் போட்டாள். பிறகு மாமாவைப் பார்த்து, "மெய்யாலுமே பாடுமா?" என்றாள். மாமா தலையாட்டினார். அத்தை கையைக் கழுவிக்கொண்டு எங்களுக்கெல்லாம் முன்னால் கடற்கரையை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மெரினாவில் நல்ல கூட்டம். மயிலாப்பூர் வக்கீல்கள் தலைப்பாகையோடு வந்திருந்தார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து தொப்பி போட்ட சாயபுமார்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பம் சும்மா நின்றது. நைனா அதை இரண்டு தடவை சுற்றி வந்தார். அடியில் மணலைக் காலால் கிளறினார். "எவனாவது உள்ள ஒளிஞ்சிக்கினு கீறானா பாரு" என்று உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக ஏதோ ஜெபம் சொன்னாள். என்ன ஜெபம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை.

திடீரென்று குழலுக்குள் வாணலியில் மீன் விழுந்த மாதிரி ஒரு பொரிகிற சத்தம். முன்வரிசை பின்னால் சாய்ந்தது. யாரோ கனைத்தார்கள். ஓர் ஆள் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து கனைத்த கனைப்பு, எங்கள் எல்லார் தலைக்கும் மேலே கேட்டது. பிறகு ஏதோ பேச்சு. பிறகு பிடில் இழைய, கணீரென்று ஒரு பாட்டு. அலைச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு கம்பம் பாடியது!

பட்டணத்தில் ரேடியோ அன்றுதான் முதன்முதலில் ஒழுங்காகத் தொடங்கியது என்று இப்போது எழுதுகிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மாமா மணலில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். அத்தை, "எந்திரிய்யா, அல்லாரும் பாக்கறாங்க" என்று முதல் தடவையாக அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். தோற்றுப்போன நைனா, நாலு பேர் எதிரில் கையை விரித்து, "சொன்ன சொல்லு சொன்னதுதான். இன்னா பண்றது, மாப்ளே?" என்றார். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் தோற்றவர் மாதிரியே இல்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தார். கேட்ட பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. விருந்துக்கு மாமாவின் மேஸ்திரியும் வந்திருந்தார். என் பக்கத்தில் இலையில் உட்கார்ந்தவர், பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "உங்க நைனாவுக்குப் பாட்டுன்னா உசிரு போலக்கீதே. கம்பம் பாடினதுக்கு மொத நாளு நாங்க குழலைப் போட்டு சரி பாத்தப்ப கம்பத்தாண்டயே நின்னு முழுசும் கேட்டாரு. நாளைக்கும் தவறாம பாடுமா, தவறாம பாடுமான்னு என்னைத் துளைச்சி எடுத்துட்டாரு."

நான் கடித்த அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். முதல் நாளே காதால் கேட்டவர் மறுநாள் ஏன் போய்ப் பந்தயம் கட்ட வேண்டும்? பந்தலின் அந்தக் கோடியில் நைனா, மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது: பாவம், நைனாவுக்கு மறதி வந்துவிட்டது. வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று, அதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.